முதுகில் பன்னிரண்டு பொத்தான்கள்

அந்தத் துறைமுக ஊரில் ஆண்கள் யாருக்கும் முதுகைக் காட்டுவதில்லை. அவர்கள் அணியும் கையில்லாப் பட்டுக் கோட்டுக்கு முன்பக்கம் மட்டுமே பூவேலை உண்டு. பின்பக்கம் வெறும் பருத்தி. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அப்படித்தான். அதனால் கடையிலிருந்தும் கோயிலிலிருந்தும் பின்னால் நடந்தே வெளியேறுவார்கள். கப்பல் ஏணியில் மட்டும் அப்படி ஏற முடியாது. ஊரை விட்டுப் போகிறவன் முதலில் முதுகுக்குப் பூவேலை செய்துகொள்ள வேண்டும்.

செய்து தருகிறவள் செலஸ்தீன். பழைய மாதிரிப் புத்தகம் அவளிடம்தான் இருந்தது. முன்பக்கத்துக்குக் கோதுமைக் கதிர், தேனீ, மாதுளைக் கொடி என்று பல பக்கங்கள். முதுகுக்கு ஒரே ஒரு பக்கம்: பறந்துபோகும் நாரைகள். இதுவரை இரண்டு பேருக்கு நாரைகளைத் தைத்துக் கொடுத்திருந்தாள். இருவரும் ஊர் திரும்பவில்லை. முதுகும் அழகாகிவிட்டவனுக்குத் திரும்ப வேண்டிய அவசியம் ஏற்படுவதில்லை.

ஐப்பசியில் அவள் கணவர் பிலவேந்திரன் தன் கோட்டைக் கழற்றி அவள் மடியில் வைத்தார்.

"அக்கா ரீயூனியன் தீவுல படுத்த படுக்கையா கெடக்குறா. ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன்."

"வந்துர்றேன்னுதான் அந்த ரெண்டு பேரும் சொன்னாங்க."

"ஒன் மீன்குழம்ப விட்டுட்டு நான் எங்கடி போவேன்?"

"உப்பில்லன்னு நேத்து பாதியில எழுந்து போனீங்களே."

"அப்பவும் பின்னாலதானே நடந்து போனேன்!"

அவள் சிரிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக அந்தப் பருத்தியைத் துவைத்தவள். வியர்வை உப்பு எங்கெங்கே பூக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதையே மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினாள். நாரைகளின் பக்கத்தைத் திறக்கவில்லை. அவருடைய மார்பில் இருந்த அதே மாதுளைக் கொடியை இரு தோள்களிலிருந்தும் இறக்கினாள். முன்பக்கத்தில் இருப்பதுபோலவே இரண்டு பைகள், அவற்றின் மேல் பிளந்த பழங்கள். முதுகெலும்பு நெடுகப் பன்னிரண்டு பொத்தான்கள், பன்னிரண்டு காஜாக்கள். பதினொரு நாள் ஆயிற்று.

"முதுகுல பொத்தான் எதுக்கு? கண்ணு மங்கிருச்சா ஒனக்கு?"

"அசையாம நில்லுங்க."

அணிந்துகொண்டார். இப்போது அவருக்கு இரண்டு முன்பக்கங்கள், முதுகு இல்லை.

திங்கட்கிழமை கப்பலைப் பார்த்தபடி ஏணியில் ஏறினார். அந்த ஊரில் ஆளின் திசையைப் பூவேலையை வைத்தே அறிவார்கள். அதனால் கரையில் இருந்தவர்களுக்கு அவர் இறங்கி வருவதாகவே தெரிந்தது. துறைமுக எழுத்தர் பொத்தான்களை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, வந்தவர்களின் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தார். கப்பல் சங்கு ஊதிக் கிளம்பியது. மேல்தளத்தில் பிலவேந்திரன் கரையில் நின்ற செலஸ்தீனை நோக்கி வந்துகொண்டே இருந்தார். வர வரச் சிறியவரானார்.

"அவரு போயிட்டாராக்கா?" என்று கேட்டாள், கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பிலோமினா.

"வந்துகிட்டிருக்காரு."

பொழுது சாய்வதற்குள் அவர் கடுகளவு ஆகியிருந்தார். செலஸ்தீன் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் குளிக்க ஒரு கரண்டி வெந்நீர் போதும்.