உண்டியலில் போடாத வெள்ளிக் கால்

1

ராயபுரத்தில் ஒரு வீட்டு அலமாரியில், மாதா படத்துக்குப் பின்னால், விரல் நீளத்தில் ஒரு வெள்ளிக் காலைப் பார்த்தேன். கோயிலில் காணிக்கையாகப் போட்டிருக்க வேண்டிய சாமான் வீட்டில் ஏன் இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பிறந்தது இந்தக் கதை. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி: ‘சிறு வயது முதலே கடலைப் பார்த்து ஏங்கிய வியாகுலம்மாள்…’ அடித்துவிட்டேன். ராயபுரத்தில் பிறந்தவளுக்குக் கடல் கொல்லைப்புறம். அதைப் பார்த்து எவள் ஏங்குவாள்?

இரண்டாவது: ‘தனியாகப் பயணம் போய்க் கட்டுரை எழுதிய முதல்…’ (முதல் என்றால் சான்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் அவளுக்கு முன் எவளும் எழுதி நான் கேள்விப்பட்டதில்லை, அவ்வளவுதான்.)

விஷயத்துக்கு வருகிறேன். அவள் புருஷன் இன்னாசிக்கு ஹார்பரில் வேலை. 1949-இல் மரக்கட்டை சரிந்து இடது கால் நசுங்கியது. கால் குணமாக வேண்டிக்கொண்டு, வெள்ளிக் காலுடன் வியாகுலம் வேளாங்கண்ணிக்குத் தனியாகப் போனாள். பிள்ளைகளை இன்னாசியின் அக்கா இருதயம்மாள் பார்த்துக்கொண்டாள். வேண்டுதலுக்குப் போகிறவளைத் தடுக்கலாமா? வெறுமனே ஊர் சுற்ற என்றால் விட்டிருக்க மாட்டாள்.

போனவள் அந்தக் காலை உண்டியலில் போடவில்லை. போட்டால் வேண்டுதல் முடிந்துவிடும். [இதை அவள் கோயிலில் யோசித்தாளா, ரயிலிலா? தெரியவில்லை.] பிறகு அதே வெள்ளிக் காலோடு கோவா. பிறகு சிலோனில் மடு மாதா. பங்குக் கோயில் பத்திரிகையில் எழுதினாள்: கோயிலைப் பற்றி இரண்டு வரி, மிச்சமெல்லாம் படகு, மீன் குழம்பு, அந்த ஊர்ப் பெண்கள் சண்டை போடும் விதம். பங்குச் சாமியார் அந்த இரண்டு வரிக்காக அச்சில் போட்டார். ஜனங்கள் மிச்சத்துக்காகப் படித்தார்கள்.

3

இங்கே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இவள் ஏன் போகிறாள்? செத்துப்போன தம்பி ஒருவனைப் பினாங்கில் புதைத்துப் பார்த்தேன்; தோண்டி எடுத்துவிட்டேன். இன்னாசியைக் குடிகாரனாக்கினேன், பாவம், அவன் அப்படிப்பட்ட ஆளே

பிறகுதான் உறைத்தது. நானும் ஓர் இருதயம்மாள்தான். ஆம்பிளை ஊர் சுற்றினால் பயணி என்கிறேன். இவளிடம் மட்டும் வேண்டுதல் என்னவென்று கேட்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆசைப்பட்டாள், போனாள்.

4

பினாங்குப் பக்கம் ஓர் அன்னம்மாள் கோயில் உண்டு. கப்பலுக்குச் சீட்டு வாங்கியாயிற்று. அப்போது பார்த்துக் கால் குணமாகிவிட்டது.

[அடித்தது: ‘ஆகா, மாதா செய்த புதுமை!’]

இன்னாசி வீட்டுக்குள் நேராக நடந்து காட்டினான். வியாகுலம் அழுதாள்.

“இன்னாத்துக்கு மே அழுவுற? கால் நல்லாத்தானே கீது?”

“அதான் அழுவுறேன்.”

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் சிரித்துவிட்டு, தெருவில் நன்றாக நொண்டிக்கொண்டு போனான். அவசரத்தில் வலது காலை நொண்டினான்.

“இன்னாடா, வலி கால் மாறிக்கினு வருதா?” என்றாள் எதிரே வந்த இருதயம்மாள். “நாயித்துக்கெழம பூசைல சாமியார் கையால நன்மை அப்பம் வாங்க நட. நான் பாக்கறேன். நேரா நடந்தியானா கப்பல் போவட்டும், அவ வூட்டுல இருக்கட்டும். உன் காலுக்காவத்தான் புள்ளைங்களப் பாத்துக்கினேன். அவ ஊர் சுத்தறதுக்கு இல்ல.”

5

முடிவு ஒன்று: நொண்டுகிறான். அந்த நற்கருணை அப்பம் வாங்கும் வாயைச் சுமந்துகொண்டு கால் பொய் சொல்கிறது. அவளுக்குப் பினாங்கு, அவனுக்குப் பாவம்.

முடிவு இரண்டு: நேராக நடக்கிறான். கப்பல் அவள் இல்லாமல்

(முடிக்க மனசு வரவில்லை.)

முடிவு மூன்று: அக்காவிடம் சொல்கிறான், “கால் நல்லாத்தான் கீது. இருந்தாலும் அவ போவட்டும். புள்ளைங்களுக்கு நான் சோறாக்கறேன்.” எழுதிவிட்டேன். என் வீட்டில் நானே இப்படிச் சொன்னதில்லை. இன்னாசி வாயில் எந்த முகத்தோடு வைப்பேன்?

வெள்ளிக் கால் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறதே என்று அதை வைத்துத் துப்புத் துலக்காதீர்கள். அவள் போய்த் திரும்பியிருந்தாலும் அங்கேதான் இருக்கும். போகாமலே இருந்திருந்தாலும் அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை; மணி அடிக்கிறது. இன்னாசி எழுந்துவிட்டான். இருதயம்மாள் கழுத்தை நீட்டிப் பார்க்கிறாள். பெண்கள் வரிசையில் வியாகுலம் தலை நிமிரவில்லை. வெள்ளிக் கால் அவள் முந்தானை முடிச்சில் இருக்கிறது.

நான் விலகிக்கொள்கிறேன். அவன் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். பின்னால் வரிசை காத்திருக்கிறது. நடங்கள்.