எதிர்ப்பக்கம் பறந்த கொடி

கட்டுகஸ்தோட்டைப் பழனியாண்டியின் மாட்டு வண்டிகளில் ஏறிய கோப்பிக் கொட்டை ஒரு பிடி குறைந்தது என்று அதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. இன்று அந்த வண்டிகளில் வந்த ஆறு சாக்குகளை கண்டியில் சரக்கு இறக்கிவைக்கும் மஹ்மூதின் பண்டசாலையில் தனியே இறக்கி வைத்திருந்தார்கள்.

மலைத் தோட்டம் ஒன்றை அண்ணன் தம்பியான இரு துரைமார் பிரித்துக்கொண்டபோது, சாக்குக் குறியையும் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் துரைக்கு ஒரு கம்பமும் அதன் உச்சியில் வலப்பக்கம் பறக்கும் கொடியும். தம்பிக்கு அதே கொடி இடப்பக்கம். பழனியாண்டி ஏற்றுவது அண்ணன் துரையின் கோப்பி மட்டும்; ஏற்றும்போது சாக்கில் குறி அடிப்பதும் அவருடைய ஆட்களே. அந்த ஆறு சாக்கிலும் கொடி இடப்பக்கம் பறந்தது.

"இது எங்கட குறி. உங்கட வண்டியில எப்பிடி வந்தது?" என்றார் தம்பி துரையின் கணக்கப்பிள்ளை சுந்தரலிங்கம்.

"களவுன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லேல்லை. நாளைக்குக் கண்டியே சொல்லும்."

பழனியாண்டியின் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"சாக்கு தலைகீழா கெடக்கும். சுத்திப் போட்டுப் பாருங்களே," என்றார் மஹ்மூத்.

சுற்றிப் போட்டார்கள். கொடி வலப்பக்கம் வந்தது. ஆனால் கம்பத்தின் அடியில் வந்து நின்றது.

"கொடியைக் காலில கட்டுற துரை ஆர்?" சுந்தரலிங்கம் சிரித்தார்.

பழனியாண்டி சிரிக்கவில்லை. வண்டியிலிருந்து குறித் தகட்டை எடுத்துவரச் சொன்னார். கொடியின் வடிவம் வெட்டிய தகரம் அது. சாக்கின்மேல் வைத்து மை தடவினால் குறி விழும். வெட்டும்போது கத்தரி வழுக்கியதால் கம்பத்தில் ஒரு பிசிறு உண்டு. நல்ல சாக்கு ஒன்றில் விரல் வைத்து அளந்தார். கம்பத்தின் அடியிலிருந்து மேலே நான்கு விரல், வலப்பக்கம் ஒரு விரல்: அங்கே பிசிறு. சந்தேகச் சாக்கில் மேலே அதே நான்கு விரல், ஆனால் இடப்பக்கம் ஒரு விரல். பண்டசாலையில் கிடந்த தம்பி துரையின் சொந்தச் சாக்கில் பிசிறே இல்லை.

சுந்தரலிங்கம் குனிந்து தாமும் அளந்தார். "ஓம். தகட்டைப் புரட்டி வைச்சு அடிச்சிருக்கு. களவில்லை."

பழனியாண்டிக்கு நிம்மதி வரவில்லை. தகடு பிடிப்பவன் லெட்சுமணன், அவருடைய மகளின் கணவன். களவுப் பேர் போனால் கவனமில்லாத வீடு என்ற பேர் வரும்.

மஹ்மூத் குரலைத் தணித்தார். "அண்ணே, என் பண்டசாலையில மாறிப்போச்சுன்னு சொல்லிருவோம். எனக்கு ஒண்ணும் கொறயாது."

"ஒங்க பேர்ல எங்க தப்பை நான் ஏத்துறதா? வேணாம்." பழனியாண்டி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மாப்ள, உள்ள வாங்க. இத அடிச்சது யாருன்னு கணக்கப்பிள்ளை கேக்கிறாரு."

வண்டிக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். லெட்சுமணன் தலை குனிந்தபடி வந்தான். "நான்தான் மாமா. அவசரத்துல புரட்டிட்டேன்."

"தலைய நிமித்திச் சொல்லுங்க."

அவன் நிமிர்ந்து, சுந்தரலிங்கத்தைப் பார்த்து மறுபடி சொன்னான். அவர் தலையசைத்தார்.

பழைய குறியைச் சுரண்டவேண்டாம் என்றார் பழனியாண்டி. அதன் பக்கத்திலேயே சரியான குறியை லெட்சுமணன் அடித்தான். மை காய்ந்ததும் இரண்டு கொடியும் தெரியும்படி அந்த ஆறு சாக்கையும் முன்வண்டியில் மேலே அடுக்கினார்கள். கொழும்புக்கு இறங்கும் கடுகண்ணாவைப் பாதை முழுதும் அந்த வண்டிக்கு முன்னால் பழனியாண்டி நடந்தே போனார். கேட்டவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொன்னார்.