பூஜ்யம் இருக்கும் இடம்

வெள்ளிக்கிழமை கணக்குத் தேர்வில் தேறினால் ஆறாம் வகுப்பு, தேறாவிட்டால் மூன்றாம் வகுப்பு என்று அந்தச் சிறுமிக்குப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருந்தது. அவளுக்குப் பதினொரு வயது. கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். பள்ளியில் அவளுக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர்.

"மூணாங்கிளாஸ்ல நான்தான் லீடர். தண்ணி குடிக்கணும்னாகூட என்னைக் கேட்டுட்டுத்தான் எழுந்திரிக்கணும்" என்றான் தம்பி.

"போடா சுண்டெலி" என்றவள், அறைக்குள் போய் அழுதாள்.

சைக்கிள் கடை மாடியில் ஒரு ஒற்றை அறை. பள்ளிப் பாடம் ஏறாத பதினோரு ஏழைப் பிள்ளைகள் மாலையில் அங்கே கூடுவார்கள். சொல்லிக் கொடுப்பவள் பகலில் மருந்துக் கடையில் வேலை பார்ப்பதால் அவள் மாத்திரை அக்கா. அந்த அறைக்குள் ரப்பருக்கு இடமில்லை. தப்பை அழிக்கக் கூடாது. அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

திங்களன்று அங்கே புதிதாக வந்து சேர்ந்த சிறுமியின் பள்ளி நோட்டை அக்கா புரட்டினாள். எட்டு வர வேண்டிய இடத்தில் ஏழு. பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் பதினொன்று. அளவுக் கணக்கு முழுக்க அதே கதை. அதில் பட்ட அடியில் பயந்து, போகப்போக மற்ற கணக்குகளை அவள் தொடவே இல்லை.

"கண்ணு, இந்தப் பென்சிலை அளந்து காட்டு."

அளந்தாள். "எட்டு வருது. அப்போ ஏழு."

"ஏன் ஏழு?"

"ஒண்ணு கழிக்கணுமே!" இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள். "அம்மா அப்படித்தான் அளப்பாங்க."

அக்கா அன்றே அவள் வீட்டுக்குப் போனாள். அம்மா தையல்காரி. கழுத்தில் தொங்கிய டேப்பின் முதல் அங்குலம் என்றோ நைந்து போயிருந்தது. அதனால் அவள் ஒன்று என்ற கோட்டிலிருந்து பிடித்து அளந்து, வந்ததில் ஒன்றைக் கழிப்பாள். நாலு வயதிலிருந்து மறுமுனையைப் பிடித்த மகளுக்கு உலகத்து அளவெல்லாம் அப்படித்தான்.

"என் பிள்ளை தலையில நானே மண்ணைப் போட்டுட்டேனே டீச்சர்!"

"அட, நீங்க வேற! பாப்பாவுக்கு அளக்கவும் தெரியுது, கழிக்கவும் தெரியுது. பூஜ்யத்தை மட்டும் யாரும் காட்டலை."

நோட்டில் சிவப்பு மையால் தப்புப் போட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். அறுபது பிள்ளைகளுக்கு நடுவே நின்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை. கடவுள் நம் வீட்டுக்கு வரும்போது பல சமயம் ஒரு கேள்வியோடுதான் வருகிறார் என்று நான் நம்புகிறேன்.

அடுத்த மூன்று நாளும் அவள் கையில் கிடைத்ததையெல்லாம் அளந்தாள். விட்டுப்போன கணக்குகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் கொடுத்த தாளை முடித்தாள். கடைசியாக அவர் ஒரு பலகையையும் பழைய மர ஸ்கேலையும் நீட்டினார். அவள் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அளந்தாள்.

"இருபத்துநாலரை, சார்."

அவர் தம் விடைத்தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இருபத்துநாலு. எல்லாம் சரியாப் போட்டுட்டு இதுல கோட்டை விட்டுட்டியே."

வழக்கமாக இந்த இடத்தில் அவள் தலை கவிழ்ந்துவிடும். இன்று கவிழவில்லை.

"எப்படி வந்துச்சுன்னு சொல்லட்டுமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லு."

"இந்த ஸ்கேல்ல ஓரத்துல பூஜ்யம் இல்லை. அரை சென்டிமீட்டர் தள்ளித்தான் கோடு ஆரம்பிக்குது. நீங்க ஓரத்துலயிருந்து அளந்திருப்பீங்க."

அவர் பலகையை வாங்கி அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு சிரித்தார்; வாய்விட்டு, பக்கத்து அறை ஆசிரியர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். சிவப்புப் பேனாவை எடுத்துத் தம் விடைத்தாளில் பெரிதாகத் தப்புப் போட்டார்.

"தோத்தது நான்தான்மா. நீ ஆறாம் வகுப்புக்குப் போ."

பள்ளிக்கூட வாசல் படியில் அம்மா கண்மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். மகள் வருமுன் குரல் வந்துவிட்டது.

"அம்மா! ஆறாவது! ஆறாவது!"

"மெதுவா பாப்பா, கிளாஸ் நடக்குது" என்று அதட்டினார் காவல்காரர்.

"அந்தக் கிளாஸுக்குத்தான் அண்ணே போறேன்!"