புகைப்போரில் தொங்கிய எர்த்துக் கம்பி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நான் தின்னும் களி எனக்குச் செரிக்காமல் போகட்டும். சூடம் ஏற்றி உள்ளங்கையில் அணைத்துச் சொல்கிறேன், அத்தனையும் நடந்தது.

கொண்டப்பநாயக்கன்பட்டி சகாயராஜ் சோலார் பலகை மாட்டுகிறவன். ராசிபுரம் பக்கம் காளியப்பனின் கோழிப்பண்ணைக் கூரை முழுக்கப் பலகை ஏற்றிவிட்டான். மிச்சம் சோதனை மட்டும்தான். கம்பியிலிருந்து கூரைத் தகரத்துக்கு மின்சாரம் கசிகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் பண்ணையில் வேலை செய்யும் அத்தாயி தண்ணீர்க் குழாயோடு மேலேறிப் பலகை கழுவப் போகிறாள். ஈரக்கால், தகரக்கூரை. கசிவு இருந்தால் அவளாக இறங்கி வரமாட்டாள், நாலு பேர் சேர்ந்துதான் இறக்க வேண்டும்.

அந்தப் பயத்தில் சகாயராஜ் மீட்டர் வாங்குவதற்குப் பெண் பார்ப்பதுபோல மெனக்கெட்டான். சேலத்துக் கடையில் சொல்லி மூன்றைச் சோதித்துப் பார்க்கத் தூக்கி வந்தான். மஞ்சள் மீட்டர் சோலாருக்கென்றே செய்தது, ஆயிரம் வோல்ட் விட்டுப் பார்த்துப் போனுக்குச் சேதி அனுப்பும். சிவப்பு மீட்டர் ஐந்நூறு வோல்ட்டோடு நின்றுகொள்ளும். மூன்றாவது, போர் மோட்டார் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பழைய கைமீட்டர். பிடியைச் சுற்றினால் முள் ஆடும்.

உச்சிப்பொழுது. காத்துக் கருப்பு நடமாடும் நேரமென்று அந்தக் காட்டில் யாரும் வெளியே தலை நீட்டமாட்டார்கள். சோலார்காரனுக்கு அதுதான் வேலை நேரம்.

ஒரு முனையை எர்த்துக் கம்பியில் மாட்டிப் பார்த்ததில், மஞ்சள் மீட்டர் கசிவில்லை என்றது. சிவப்பும் அதையே சொன்னது.

"ரெண்டும் ஒண்ணையேதானுங்க சொல்லுது. எதையாச்சும் ஒண்ணைப் புடிச்சுப்போட்டு சுவிச்சைப் போடுங்க சாமி," என்றார் காளியப்பன்.

சகாயராஜ் கைமீட்டரை மாட்டினான். பிடியை இன்னும் தொடவில்லை. முள் தானாக நகர்ந்து பூஜ்யத்தில் போய்ப் படுத்தது. பூஜ்யமென்றால் முழுக் கசிவு.

அதே சமயம் பண்ணையிலிருந்த அத்தனை கோழிகளும் வாயை மூடின. நாமக்கல் ஜில்லாவில் அப்படியொரு அமைதியை எந்தக் காதும் கேட்டதில்லை. எல்லாம் ஒரே பக்கம் கழுத்தைத் திருப்பி, வேலியோரம் இருந்த போர்க் குழாயைப் பார்த்தன.

அது தண்ணீர் வராத புகைப்போர். "ஆயரம் அடி சும்மாதானே கெடக்குது, எர்த்துக்குத் தனியா எதுக்குங்க குழி?" என்று காளியப்பன்தான் யோசனை சொன்னார். ஆழம் கூடினால் எர்த்தும் நல்லது என்று சகாயராஜும் தலையாட்டி, கம்பியை அதற்குள்ளேயே விட்டிருந்தான்.

"இந்தப் போர் யாருங்க போடச் சொன்னது?"

காளியப்பனின் குரல் இறங்கியது. "நாந்தானுங்க. ஊட்டுக்காரி ஆராயி அங்க வேண்டாம்னா. கேக்கல. ரிக்கு வண்டி வெறும் புகையக் கக்கிட்டுப் போச்சு. அதுலருந்து சோத்தைப் போடறப்பெல்லாம் சொல்லிக் காட்டுவா. செத்தாலும் அந்தக் குழிக்குள்ள உக்காந்து கேப்பேன்னா. போன வருசம் போயும் சேந்துட்டா."

முள் பூஜ்யத்திலேயே கிடந்து நடுங்கியது.

குழாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம் ஏறி வந்தது. பேச்சில்லை, அழுகையில்லை. 'உச்'சென்று நாக்கைச் சப்புக்கொட்டும் சத்தம். ஆயிரம் அடி ஏறி வந்தும் அதன் இளக்காரம் குறையவில்லை.

"அவதானுங்க," என்றார் காளியப்பன். தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது.

சகாயராஜ் சிலுவை போட்டுக்கொண்டு எர்த்துக் கம்பியை இழுத்தான். எங்கேயும் மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கியிருந்த கம்பி புழுதி பூசி வந்தது. நுனியில், அவன் போடாத முடிச்சு ஒன்று இருந்தது.

"முந்தானைல சில்லறை முடியறப்ப இப்படித்தானுங்க போடுவா," என்றார் காளியப்பன். அதை அவர் தொடவில்லை.

எர்த்தே இல்லாத கம்பியில் மாட்டினால் எந்த மீட்டருக்குக் கசிவு தெரியும்? சகாயராஜ் கூரைக்கு ஏறினான். மஞ்சள் மீட்டரின் கம்பியை நேராகக் கூரைத் தகரத்தில் கடித்து வைத்தான். அதுவும் பூஜ்யம் என்று கத்தியது. தேடினால், ஒரு கிளாம்புக்கு அடியில் ஒயர் நசுங்கித் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை மாற்றினான். ஈர மண்ணாகப் பார்த்துக் குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டு எர்த்து அடித்தான். திரும்பச் சோதித்தபோது மூன்று மீட்டரும் நல்ல சேதி சொன்னதும், கோழிகள் கத்த ஆரம்பித்தன.

காலையில் அத்தாயி பலகையெல்லாம் கழுவிவிட்டு ஏணியில் இறங்கினாள். கீழே சகாயராஜ் அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னங்க சாமி, பொணம் நடந்து வர்ற மாதிரி பாக்கறீங்க? டீ சொல்லுங்க."

சேலத்துக் கடையில் மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் வைத்துக்கொண்டது கைமீட்டரைத்தான். ஏனென்று கடைக்காரர் கேட்டார்.

"மத்த ரெண்டும் கேட்டதுக்குப் பதில் சொல்லுதுங்க. இதுதான் கேக்காததையும் சொல்லுது."

போன வாரம் ராசிபுரம் சந்தையில் சின்ன வெங்காயத்துக்குப் பேரம் பேசிக்கொண்டே இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஆராயிதான்.