செக்போஸ்ட்டின் பூந்தொட்டி

அந்தத் துறையின் வாசலில் ஒரு தகரத் தட்டு உண்டு. அதில் பால் நிறத்தில் மருந்துத் தண்ணீர். பயிர்ப் பாதுகாப்புக் கொள்கை படிக்க வந்தவரானாலும் சரி, மின்விசிறி பழுது பார்க்க வந்தவரானாலும் சரி, ஷூவோடு அதில் இறங்கி ஏறினால்தான் உள்ளே போகலாம். துணைவேந்தரே ஒருமுறை புது ஷூவோடு வந்து மாட்டிக்கொண்டார். "கிருமிக்குப் பதவி தெரியாது சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார் துறைத் தலைவர். துணைவேந்தர் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். அன்றைக்கே மாணவர்கள் துறைத் தலைவருக்குச் செக்போஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அவர் காதுக்கும் போனது. வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் மனிதருக்குக் குளுகுளுவென்றிருந்தது.

தட்டோடு விட்டாரா? பைச் சோதனையும் உண்டு. முதலாண்டு மாணவி ஒருத்தி தின்னக் கொண்டுவந்த கொய்யாப்பழத்தைப் பிடுங்கி, உறையில் போட்டு, முத்திரை வைத்து, எரிக்க அனுப்பினார். அந்தப் பெண் பசியோடு உட்கார்ந்து பழ ஈக்களைப் பற்றிய பாடத்தைக் கேட்டாள்.

இத்தனை கெடுபிடியும் ராட்சத நத்தைக்காக. உள்ளங்கை அகலத்துக்கு வளரும் சனியன் அது. இலையைத் தின்று, தண்டைத் தின்று, தின்ன ஒன்றுமில்லை என்றால் சுவர்ச் சுண்ணாம்பையும் சுரண்டித் தின்னும். எங்கெங்கோ தோட்டங்களைத் துடைத்துப் போட்டிருந்தது. இந்த ஊருக்குள் மட்டும் வரவில்லை. வராததற்குக் காரணம் செக்போஸ்ட்டின் தட்டுதான் என்று நிரூபிப்பது அவருடைய ஆராய்ச்சி மாணவியின் வேலை. வராத ஒன்றை வரவில்லை என்று நிரூபிப்பது லேசுப்பட்ட காரியமா? ஐந்து வருடமாக டார்ச்சும் கையுமாகக் கட்டடத்தைச் சுற்றி வந்தாள். 'நத்தை நுழையா வளாகம்: ஒரு முன்மாதிரி' என்று தலைப்பு வைத்து, தலையணை கனத்துக்கு ஆய்வேடு எழுதி முடித்தாள்.

அவள் இருந்தது அக்கா வீட்டில். பல்கலைக்கழக மதிலுக்கு அந்தப் பக்கம்தான் அத்தானின் தோட்டம். கோஸும் கீரையும் போட்டிருந்தார். அந்தக் கோஸ்தான் இவளைப் படிக்கவைத்தது.

"ஏன்டி, இல்லாத நத்தையைத் தேடின நேரத்துல ஒரு வேலையைத் தேடியிருக்கலாம்ல?" என்பாள் அக்கா. ஆனாலும் வாய்மொழித் தேர்வு அன்று தங்கையின் புடவையை இஸ்திரி போட்டு வைத்ததும் அவள்தான். "போயிட்டு டாக்டரா வா. இல்லேன்னா வீட்டுக்கே வராதே" என்று சிரித்துக்கொண்டே அனுப்பினாள்.

தேர்வாளர் கண்ணில் படட்டும் என்று கருத்தரங்கக் கூடத்துக்குப் புகைமருந்து அடித்துப் பூட்டியிருந்தார் செக்போஸ்ட். அதனால் தேர்வு அவருடைய சொந்த அறையில். ஈ காக்கையை அண்டவிடாத அந்த அறைக்குள் காலையிலேயே மாணவி நாற்காலி போடப் போனாள். திறந்த ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டி. வெளிநாட்டில் நடந்த உயிரிப் பாதுகாப்பு மாநாட்டில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த நினைவுப் பரிசு. விமான நிலையத்தில் தடுத்த அதிகாரியிடம், "நீங்க காட்டற சட்டத்தை எழுதினவனே நான்தான்யா" என்று அடையாள அட்டையை ஆட்டி, தொட்டியை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். துறை வாசலில் தட்டிலும் முறைப்படி இறங்கித்தான் ஏறினார். ஷூ நனைந்தது. தொட்டி கையில் இருந்தது.

செடியின் இலைகளில் சல்லடை போல ஓட்டை. அவள் தொட்டியைத் தூக்கினாள். அடியில் உள்ளங்கை அளவில், சாவகாசமாக, ஐந்து வருடமாக அவள் தேடிய ஆசாமி உட்கார்ந்திருந்தது. மண்ணில் ஜவ்வரிசி போல முட்டைகள். பொரித்த குஞ்சுகள் சில ஜன்னல் கட்டைமேல் ஊர்ந்துகொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே மதில். மதிலுக்கு அப்பால் அத்தானின் கோஸ்.

"சார், நத்தை."

செக்போஸ்ட் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது நத்தை இல்லம்மா."

"சார், கொம்பை நீட்டி உங்களையே பாக்குது."

"குழு உறுதிசெய்யற வரைக்கும் இது சந்தேகத்துக்குரிய பொருள். அவ்வளவுதான்."

"குழு எப்ப கூடும்?"

"தலைவர் கூப்பிடும்போது."

"தலைவர் யாரு சார்?"

"நான்தான்." மேசைமேல் கிடந்த துண்டை எடுத்துத் தொட்டிக்கு முக்காடு போட்டார். "முதல்ல தேர்வு முடியட்டும். நீ டாக்டர் ஆயிடு. அப்புறம் நிதானமா சந்தேகப்படலாம்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஐந்து வருடம் சும்மாவா? இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் பட்டம். அதற்குப் பிறகு சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

நனைந்த ஷூ சளக் சளக் என்று சத்தம் போட வந்து சேர்ந்தார் வெளியூர்த் தேர்வாளர். ஆய்வேட்டைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது. "அஞ்சு வருஷத்துல ஒரு நத்தை கூட இல்லையா? அடேயப்பா!" செக்போஸ்ட் அடக்கமாகக் கூரையைப் பார்த்தார்.

"கடைசியா ஒரு கேள்வி. ஒருவேளை நத்தை வந்துடுச்சுன்னு வைங்க. உங்க கொள்கைப்படி என்ன செய்யணும்?"

தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். "பார்த்தவங்க உடனே சொல்லணும் சார். கதவு ஜன்னலைச் சாத்தணும். தனிமைப்படுத்தல் அதிகாரி வர்ற வரைக்கும் யாரும் நத்தையைத் தொடக் கூடாது. உள்ளே இருக்கறவங்க யாரும் வெளியே போகவும் கூடாது."

"உடனேன்னா?"

"உடனேன்னா... உடனே சார்." சொல்லிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். கட்டைமேல் காலையில் இருந்த குஞ்சுகளில் ஒன்றைக் காணோம்.

எழுந்துபோய் ஜன்னலை அடைத்தாள். கதவைத் தாழ் போட்டாள். வந்து துண்டை உருவினாள்.

"ஒத்திகை சார்!" என்று துள்ளினார் செக்போஸ்ட். "நேரடி செயல்முறை விளக்கம்!"

"பிரமாதம்! நிஜ நத்தை மாதிரியே இருக்கே!" என்றார் தேர்வாளர்.

"நிஜ நத்தைதான் சார். இந்த ரூம்லயே முட்டை போட்டுப் பொரிச்சிருக்கு. காலையிலயே பார்த்தேன், சொல்லலை. என் ஆய்வேடு தப்பு."

தேர்வாளர் நத்தையைப் பார்க்கவில்லை. செடியையே வெறித்தார். முகம் வெளுத்துவிட்டது. "இது... அந்த மாநாட்டுல குடுத்ததா? எனக்கும் ஒண்ணு குடுத்தாங்களே!"

"எங்க வெச்சிருக்கீங்க சார்?"

"வெச்சிருந்தாத்தான் பரவாயில்லையே! நல்லா துளிர்விடுதுன்னு எங்க வீட்டம்மா பதியன் போட்டு, மண்ணோட தெரு முழுக்கக் குடுத்துட்டாங்க."

உலகத்திலுள்ள நத்தை நிபுணர்களெல்லாம் ஆளுக்கொரு தொட்டியை மடியில் ஏந்தி வீடு திரும்பியிருக்கிறார்கள். இவர்களை நம்பித்தான் நாமெல்லாம் கோஸ் தின்கிறோம்.

தனிமைப்படுத்தல் அலுவலகத்துக்கு அவள் போன் செய்தாள். சாயங்காலம்தான் வர முடியும் என்றார்கள். தேர்வாளர் மனைவியை அழைத்து, கொடுத்ததையெல்லாம் திருப்பி வாங்கச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு, ஆய்வேட்டைத் திருத்தி எழுத வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார். குறைந்தது இன்னும் ஒரு வருடம்.

"எனக்கு சுகர் இருக்கும்மா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணும்" என்று கெஞ்சினார் செக்போஸ்ட். "விதிவிலக்கு ஏதாவது..."

"எழுதியிருந்தேன் சார். நீங்கதான் சிவப்பு மையில அடிச்சீங்க."

மூன்று பேர் பையிலும் ஒரு கொய்யாப்பழம் கூட இல்லை.

அக்காவிடமிருந்து போன் வந்தது. "என்ன, டாக்டரம்மா?"

"இல்லக்கா. திருப்பிட்டாங்க. இங்க நத்தை வந்துடுச்சு."

"அடிப்பாவி! வரலை வரலைன்னு அஞ்சு வருஷமா எழுதினியே, இன்னும் ஒரு நாள் வரலைன்னே இருந்திருந்தா என்ன?"

"இருந்திருந்தா உன் கோஸுக்கு வந்திருக்கும்க்கா." அழுகை முட்டியது. "கொஞ்ச நேரம் நானும் அப்படித்தான் இருந்துட்டேன். மதில் பக்கம் போய்ப் பாரேன்."

போனில் அக்காவின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அறையில் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனையே பார்த்தார்கள்.

"கோஸ்ல ஒண்ணும் இல்ல. கீரையிலயும் இல்ல. இரு... மதில் மேல நகக்கண் அளவுக்கு ஏதோ ஊருதுடி. இந்தப் பக்கமா எட்டிப் பாக்குது. என்ன செய்ய?"

"தொடக் கூடாது!" என்று அலறினார் செக்போஸ்ட். "அதிகாரி வரணும்! குழு கூடணும்!"

மாணவி போனை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். "அக்கா, செருப்பைக் கழட்டி அடி!"

பளாரென்று ஒரு சத்தம் கேட்டது. செக்போஸ்ட் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.