எடுத்த சரக்கு

கடை வாசலில் முக்காலியைப் போட்டு, மருமகளை அதில் உட்கார வைத்து, கையில் கிண்ணத்தையும் ஸ்பூனையும் கொடுத்த பிறகுதான் பொன்னுத்துரை கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்று கண்மூடி ஜெபம் பண்ணுவார். ஜெபம் முடிந்து கண்ணைத் திறக்கும்போது மகிமாவின் வாய் அசைந்துகொண்டிருக்க வேண்டும். டோல்கேட் பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிர்க் கடை அது. ஹார்பரில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களும், எண்ணூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களும், கண்டெய்னர் லாரி டிரைவர்களும் பீடிக்கும் பன்னுக்கும் வந்து நிற்கிற நேரம். அத்தனை பேருக்கும் நடுவில், குளித்துத் தலை பின்னிப் பூ வைத்த பெண் ஒருத்தி எதையோ மொறுமொறுவென்று தின்றுகொண்டிருந்தால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்? பார்க்கிறவனில் ஒருத்தன் அது என்னவென்று கேட்டுவிட்டால் போதும், பொன்னுத்துரை அலமாரியிலிருந்து சூரியன் படம் போட்ட டப்பாவை எடுத்து முன்னால் வைத்துவிடுவார். விளம்பரத்துக்குக் கம்பெனிக்காரன் லட்ச லட்சமாகக் கொட்டுகிறான், நமக்கு ஒரு முக்காலி போதும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற மனுஷன். அந்த வீட்டில் யாரும் மகிமாவை அடித்ததில்லை, ஒரு வசவு வைததுகூட இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கார்ன் பிளேக்ஸ் அந்தக் கடைக்குள் வந்ததே மகிமாவால்தான். நாசரேத் பக்கத்திலிருந்து பி.காம். படித்துவிட்டு பொன்னுத்துரையின் மகன் ஜெபினுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். படித்த பெண் வேண்டும் என்று கேட்டு வாங்கிய மாமனார், வந்த பிறகு அவளை மாடியை விட்டு இறங்க விட்டதில்லை. கீழே கடை, மேலே வீடு. ஊரில் ஒரு சாவு விழுந்து மாமனாரும் மாமியாரும் போயிருந்த சமயத்தில், ஜெபினும் மண்ணடிக்குச் சரக்கெடுக்கப் போனபோது, ஒரே ஒரு நாள் அவள் கல்லாவில் உட்கார்ந்தாள். அன்றைக்கென்று பார்த்து டை கட்டிய ஒருத்தன் பைக்கில் வந்து இறங்கினான். அமெரிக்காவில் ஏதோ ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கென்று கண்டுபிடித்த சாப்பாடு, இன்றைக்கு உலகமே காலையில் இதைத்தான் சாப்பிடுகிறது, அடுப்பு வேண்டாம், மாவாட்ட வேண்டாம், இன்னும் ரெண்டு வருஷத்தில் மெட்ராஸில் இட்லிப் பானையைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார்கள் என்றான். இருபது பெட்டி எடுத்தால் டின்னர் செட் ஒன்று இலவசம் என்றான். விற்காவிட்டால் நாங்களே திரும்ப எடுத்துக்கொள்வோம், மேடம் என்றான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையில் கவிழ்ந்து, இருபது பெட்டிக்கும் கையெழுத்துப் போட்டாள், பாவம்.

டோல்கேட்டில் யாருக்கு வேண்டும் அது? வாங்கிய நாலைந்து பேர் கொதிக்கக் கொதிக்கப் பாலை ஊற்றினார்கள். ஊற்றிய மாத்திரத்தில் கூழாகிப் போயிற்று. ஒருத்தர் மீந்த சாம்பாரை ஊற்றிப் பார்த்துவிட்டு, டப்பாவைக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்து, மனுசன் துன்றதா இது என்று கேட்டார். டை கட்டினவனைத் தேடினால், அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். புதிதாக வந்தவன் திரும்ப எடுக்கிற பேச்சே எங்களிடம் கிடையாதே என்றான். பெட்டியின் மேல் அச்சடித்திருந்த கெடு தேதி மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது.

பொன்னுத்துரை குடும்பத்தில் அதற்கு ஒரு முறை இருந்தது. கடை தொடங்கிய காலத்திலிருந்து வருகிற முறை. ராத்திரிச் சாப்பாட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"போகாத சரக்க எடுத்தவன் திங்கணும். அப்பத்தான் அடுத்த தடவ எடுக்கையில நாக்குக்கு ஞாபகம் இருக்கும். என்ன ஜெபின்?"

ஜெபின் சிரித்தான். பதினாலு வயதில் அவன் ஆசைப்பட்டு எடுத்து வைத்த ஒரு பெரிய பாட்டில் மிட்டாய் வெயிலில் இளகிப் போக, அத்தனையையும் அவன் ஒருத்தனே தின்று தீர்த்திருக்கிறான். கடைவாய்ப் பல் இரண்டு அதில்தான் போயிற்று. அந்த ஓட்டையை அவன் கல்யாணமான புதிதில் மகிமாவுக்கு வாயைத் திறந்து காட்டி, எங்கப்பா எப்படி என்று பெருமையாகக் கேட்டான். இப்போது அந்தப் பக்கமாகத் திரும்பி அவள் அவனைப் பார்த்தபோது, அவன் மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமாக இருந்தான்.

மறுநாளே பெட்டிகள் மாடியேறி வந்தன. கடையில் இடம் அடைக்கிறது என்று அவர்கள் படுக்கிற அறையில், அவள் தலைமாட்டில் அடுக்கினார்கள். காலையில் மற்றவர்களுக்கு இட்லியும் முந்தின நாள் மீன் குழம்பும். ஊற்றுகிறவளும் அவள்தான், பரிமாறுகிறவளும் அவள்தான். எல்லோரும் எழுந்த பிறகு அவளுக்குக் கிண்ணம். முதலில் நல்ல பால் கிடைத்தது. பிறகு மாமியார் செல்லக்கனி, பாலும் காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம் என்று தண்ணீர் சேர்த்தாள். வெள்ளைத் தண்ணீரில் தகடு தகடாக மிதக்கிறதை விழுங்கிவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் மகிமாவுக்குக் கண் இருட்டும். ராத்திரி பெட்டிக்குள் எலி பிறாண்டுகிற சத்தத்தில் தூக்கம் போகும். எலியாவது கொஞ்சம் தின்று தொலைக்கட்டும் என்று அவள் எழுந்து விரட்டாமல் படுத்திருப்பாள்.

வீட்டு வேலைக்கு வியாசர்பாடியிலிருந்து வருகிற மலர்க்கொடிதான் ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏம்மா, இத்தயே துன்னுகினு கீறியே. சாக்கடைல கொட்டிட்டுப் போறத வுட்டுட்டு, இன்னாத்துக்கு வயித்த கெடுத்துகினு கீற?"

மகிமாவுக்கு அந்த யோசனை வந்திருக்கவில்லை. கடைக்காரர் வீட்டில் சாப்பாட்டுச் சாமானைக் கொட்டுவது பாவம் என்று அவளுக்கும் பழகிப் போயிருந்தது. ஆனாலும் ஒரு மத்தியானம், இரண்டு டப்பாவை அப்படியே ஜலதாரியில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினாள். அது போகவில்லை. குழாய்க்குள் உட்கார்ந்து ஊதியது. சாயங்காலம் ஒரு மழை அடித்தது, கடை வாசல் சாக்கடை பொங்கி, மஞ்சள் கூழ் தெருவெல்லாம் மிதந்தது. மலர்க்கொடி ஓடிப்போய்க் கையைவிட்டு அள்ளினாள். எங்கள் வீட்டுக் கஞ்சி, நேற்றுக் கொண்டுவந்தது கெட்டுப்போனதால் நான்தான் ஊற்றினேன் என்று யாரும் கேட்காமலே சொன்னாள். செல்லக்கனி குனிந்து ஒரு துண்டை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு மாடியேறினாள். அந்த வாரத்தோடு மலர்க்கொடியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பொய் சொல்கிறவர்கள் வீட்டுக்குள் இருப்பது நல்லதில்லையாம். மகிமா வாயைத் திறக்கவில்லை. மலர்க்கொடி படியிறங்கும்போது இவள் சமையலறையில் நின்று, தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

மேலே வைத்துச் சாப்பிட்டால்தானே கொட்டத் தோன்றும்? அப்படித்தான் முக்காலி வந்தது. முதல் நாள் கூனிக் குறுகி உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு அவள் பழக்கமாகிப் போனாள். கார்ன் பிளேக்ஸ் அக்கா என்று பேரும் வைத்தார்கள். புருஷன் உள்ளே பருப்பு நிறுத்துக்கொண்டே அதைக் கேட்டுச் சிரிப்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது, தலைவலி மாத்திரை வாங்குவதாகச் சொல்லிவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தாள். ஊரில் பக்கத்து வீட்டுக்குத்தான் போன் உண்டு. அப்பாவைக் கூப்பிட்டு வரச் சொல்லி, திரும்பவும் போட்டுப் பேசினாள். எனக்கு முடியவில்லை, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்பதை மட்டும் சொன்னாள். அப்பா வேதமாணிக்கம் வாத்தியார் முதலில் போனுக்குக் காசு ஏறுமே என்றார். பிறகு, வருகிறேன் என்றார். அவள் பழைய சேலை இரண்டையும் சர்டிபிகேட் வைத்திருந்த கவரையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அந்தப் பை அங்கே இருக்கிற தைரியத்தில் முக்காலியில் நிமிர்ந்துகூட உட்கார்ந்தாள்.

அப்பா ஒரு சாயங்காலம் வந்தார். பனங்கிழங்கும் கருப்பட்டியும் கொண்டு வந்திருந்தார். அன்றைக்கு ராத்திரி பெண்பிள்ளைகளை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, பொன்னுத்துரையும் அவரும் மொட்டை மாடியில் வெகுநேரம் பேசினார்கள். என்னைப் பற்றித்தான் என்று மகிமா நினைத்துக்கொண்டாள். தனியாகப் பேச ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை.

காலையில் அப்பா வேட்டி சட்டை மாற்றிப் புறப்பட ஆயத்தமாக இறங்கி வந்தார். முக்காலி தயாராக இருந்தது. பொன்னுத்துரை உள்ளே பார்த்து இன்னொரு முக்காலி கொண்டுவரச் சொன்னார்.

"உக்காருங்க அண்ணாச்சி. ஒங்க மக எடுத்த சரக்கு. நீங்களும் ஒரு கை பாருங்க."

மாடியிலிருந்து இட்லி வேகிற வாசனை இறங்கி வந்துகொண்டிருந்தது. கிண்ணத்தின் கதையெல்லாம் அப்பாவுக்கு ராத்திரியே தெரிந்துவிட்டது என்பது, அவர் மாடிப்பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பாததிலிருந்தே மகிமாவுக்குப் புரிந்தது. நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்த மனுஷர் முக்காலியில் முழங்காலைச் சேர்த்துவைத்து உட்கார்ந்தார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அப்பனும் மகளும் தெருவைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். அவருக்கு ஸ்பூன் பழக்கமில்லை, பால் தாடையில் வழிந்தது.

பொன்னுத்துரை கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கியதும் மகிமா குனிந்தபடியே சொன்னாள்.

"அப்பா, பை எடுத்து வச்சிருக்கேன். நான் வாரேன் உங்க கூட."

அவர் வாயிலிருந்ததை மென்று முடித்தார். பதறாமல், பாடம் சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

"ஹில்டாவுக்கு முடிவாகியிருக்கு பிள்ள. ஒங்க மாமாவோட தம்பி மகன். நகை எதுவும் கேக்கல. ராத்திரிதான் பேசி முடிச்சோம்."

தங்கச்சிக்கு. இதே குடும்பத்தில். மகிமா கிண்ணத்தில் மிதந்ததை ஸ்பூனால் ஓரத்துக்குத் தள்ளினாள். நான் கூப்பிட்டதற்கு வரவில்லையா அப்பா என்று கேட்க நினைத்தாள். கேட்டிருந்தால் அவர் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டார், ஆமாம் என்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆமென் என்று மாமனார் குரல் கேட்டது. இருவரும் ஒரே நேரத்தில் ஸ்பூனை வாயில் வைத்தார்கள்.

கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு அவர் எழுந்தார். ருசியாகத்தான் இருக்கிறது என்று சம்பந்தியிடம் சொன்னார். ஊரில் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், ஒரு பெட்டி கொண்டுபோகட்டுமா என்று கேட்டார். பொன்னுத்துரைக்கு முகம் மலர்ந்தது. ஜெபினை விட்டு மாடியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கச் சொன்னார். நமக்குள் லாபம் பார்க்க முடியுமா, கொள்முதல் விலை போதும் என்றார். வாத்தியார் இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மகளுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஒரு பெட்டி கொறஞ்சா ஒனக்கு அவ்வளவு சீக்கிரம் முடியும்லா."

அதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. அவரால் ஆனதைச் செய்துவிட்டார். அதுதான் மகிமாவுக்குத் தாங்கவில்லை.

ரோட்டைத் தாண்டி எதிரே பஸ் ஸ்டாப்புக்குப் போனார். பாரிமுனைக்குப் போய் ஊர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். முதல் பஸ்ஸில் பெட்டியோடு ஏற விடவில்லை. அடுத்ததில் படிக்கட்டு வரைக்கும் ஆள். கண்டக்டர் பெட்டியைக் காட்டி ஏதோ கத்தினான், இவர் ஏறின காலை இறக்கிக்கொண்டார். கண்டெய்னர் லாரிகள் நடுவில் வந்து மறைக்கும்போது அவர் போய்விட்டது போலிருக்கும். லாரி நகர்ந்தால் அங்கேயேதான் நிற்பார்.

பன் வாங்க வந்த ஹார்பர் ஆள் ஒருத்தன் எதிர்ப்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"இன்னா அண்ணாச்சி, அந்தப் பெருசு ஒரு பொட்டியே தூக்கினு போவுது?"

"நாசரேத்துக்குக் கொண்டுபோறாரு. மெனக்கெட்டு வந்து வாங்கிட்டுப் போறாருன்னா பாத்துக்கோ" என்றார் பொன்னுத்துரை.

அந்த ஆள் யோசித்தான். சரி, ஒன்று கொடுங்கள், பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன் என்றான். பொன்னுத்துரை மருமகளைப் பார்த்தார். மகிமா எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, துணியால் தூசி தட்டி, அவன் கையில் கொடுத்தாள். பால் சூடாக இருக்கக் கூடாது என்று அவள் வாய் தானாகவே சொல்லிற்று.

"ஒக்காந்து சாப்புடு. ஊறிட்டா நல்லாருக்காது" என்றார் மாமனார்.

உட்கார்ந்தாள். எதிரே அப்பாவுக்கு நிற்க முடியவில்லை போலிருக்கிறது. பெட்டியை நடைபாதையில் இறக்கி, துண்டை உதறி அதன்மேல் விரித்து, கடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். துண்டுக்குக் கீழே பெட்டியில் அச்சடித்த சூரியன் பாதி தெரிந்தது.