பச்சையாக ஒரு மாநாடு

1

அக்கா ஓடினாள். ஒரு செருப்பு வரவேற்பு மேசைக்கடியில் கழன்று கிடந்தது. மற்றது காலோடு வந்தது. மண்டபத்தின் பின்கதவைத் தோளால் இடித்துத் திறந்தவள், சமையற்கூடத்தில் கண்ட காட்சியில்…

(உறைந்தாள். விக்கித்தாள். சிலையானாள். மூன்றையும் தொடர்கதைகளில் தேய்த்துவிட்டேன். இருந்தாலும் கோடு போட்டு அடிக்கப் போவதில்லை. குப்பையே விழாத மாநாடு நடத்துவது அக்காவின் சபதம். அதைப் பற்றிய கதையிலும் ஒரு வார்த்தையைக்கூடக் கசக்கி எறியக் கூடாது என்பது அவள் உத்தரவு. வீணானதெல்லாம் அடைப்புக்குறிக்குள் கிடக்கும். மிதிக்காமல் வாருங்கள்.)

2

அவள் அந்தக் கதவருகிலேயே நிற்கட்டும். கதை பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் தொழில் மாநாடு நடத்திக் கொடுப்பது. இது பல் மருத்துவர்களின் மாநாடு. ஆயிரத்துக்குக் குறையாத கூட்டம். போன வருஷம் அவர்கள் கலைந்தபின் லாரி லாரியாகக் குப்பை போனது. தண்ணீர் பாட்டில், தெர்மாகோல் தட்டு, யாருக்கும் வேண்டாத பை.

"இந்த வருஷம் ஒரு மூட்டை குப்பைகூட வெளிய போகாது சார்" என்றாள் சங்கத் தலைவரிடம்.

"போச்சுன்னா?"

"அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடாதீங்க."

வாய்! இந்த ஒரு மாநாடு கைவிட்டுப் போனால் அவள் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

(அக்காவை அடக்கமானவளாக ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். அடையாளமே தெரியவில்லை.)

3

சமையற்கூடத்தில் அடுப்பு பற்றவில்லை. மேசை நிறைய நறுக்கிய கேரட், முட்டைக்கோஸ், வெள்ளரி, ஊறிய பயறு. நடுவில் கைகட்டி நின்றான் சமையல் பொறுப்பாளன், அதாவது அக்காவின் கொழுந்தன்.

"சோறு எங்கப்பா?"

"நீங்கதானே அண்ணி போன்ல சொன்னீங்க, எல்லாம் பச்சையா இருக்கணும்னு?"

"டேய், பச்சைன்னா பசுமைடா! மாநாட்டைச் சொன்னேன்!"

"நான் வேகாததுன்னு எடுத்துக்கிட்டேன்."

"டீயாவது இருக்கா?"

"பச்சைத் தண்ணி இருக்கு அண்ணி."

மண்டபத்தில் பசித்த டாக்டர்கள் போனை எடுத்துவிட்டார்கள், வெளியில் சாப்பாடு சொல்ல. ஆளுக்கொரு பொட்டலம், பொட்டலத்துக்கொரு டப்பா, கரண்டி, பை. அத்தனையும் பிளாஸ்டிக். போன வருஷத்து லாரி திரும்பி வந்துவிடும்.

4

(முடிவு அ: திடீரென்று பெருமழை, கடையிலிருந்து யாரும் வர முடியவில்லை. — வழி தெரியாதபோதெல்லாம் மழையைக் கூப்பிடுகிற புத்தியை விடவேண்டும்.)

(முடிவு ஆ: தலைவர் மயங்கி விழு… வேண்டாம். பாவம், நல்ல மனுஷர்.)

நடந்தது இது. அக்கா மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள்.

"இன்னிக்கு இங்க அடுப்பே எரியல. மறதி இல்ல, வேணும்னேதான்! புகை கிடையாது, எரிபொருள் கிடையாது. உங்க பல்லை நம்பி ஒரு விருந்து!"

பச்சைப் பொய்.

மண்டபம் யோசித்தது. கேரட்டைக் கடிக்கப் பயப்படும் பல் டாக்டர், நாளைக்கு நோயாளி முகத்தில் எப்படி விழிப்பார்? முதல் வரிசையில் ஒரு கறுக். பின்னால் ஒரு கறுக். அப்புறம் மண்டபமே கறுக் கறுக். போன்கள் பைக்குள் போயின. ஒரு பொட்டலமும் வரவில்லை.

தலைவர் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அடுத்த வருஷமும் நீங்கதாம்மா. இதே மாதிரி அடுப்பில்லாம!"

5

கதையை இங்கேயே நிறுத்தச் சொல்கிறாள் அக்கா. பார்ப்பவர்களிடமெல்லாம், "என் கொழுந்தனுக்கு ஒரு வார்த்தை தப்பாப் புரிஞ்சுது, நான் பிழைச்சேன்" என்று பெருமையடித்துக்கொள்கிறாள். அடுத்த மாநாட்டில் அவனைத் தொழிலில் கூட்டாளியாகவே சேர்க்கப் போகிறாளாம்.

அன்று கை கழுவும் இடத்தில் அவன் என்னிடம் சொன்னது அவளுக்குத் தெரியாது. நான் எழுதுவதை அவள் படிப்பதுமில்லை. சொல்வதா, விழுங்குவதா? முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். அவன் சொன்னது இதுதான்:

"அண்ணி சொன்னது நல்லாவே புரிஞ்சுது. வேகவைக்கத்தான் எல்லாத்தையும் நறுக்கினேன். கேஸ் சிலிண்டரைக் கொண்டுவர மறந்துட்டேன்."